ஜீயபுரத்துக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று

பொன்மலை ரயில்வே பணிமனையில் நான் ஸ்டோர்ஸ் பிரிவு குமாஸ்தா. வேலைநிறுத்தம் எனக்குப் புதிதல்ல. முதலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அப்புறம் வாயிற்கூட்டம், அப்புறம் பேச்சுவார்த்தை, கடைசியில்தான் வேலையை நிறுத்துவார்கள். என் இரண்டு சிறுநீரகங்களும் இந்த மரியாதை எதையும் காட்டவில்லை. சத்தமில்லாமல் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டன.

கண்டுபிடித்தவர் கண் டாக்டர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி மாற்றலாம் என்று போனேன். அவர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் பாத்து எவ்வளவு நாளாச்சுங்க?" என்று கேட்டார். எனக்கு பிரஷரே கிடையாது என்று ஜம்பமாகச் சொன்னேன். பார்த்தால்தானே இருப்பது தெரியும்! கருவியைக் கையில் கட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. நம் தசைகள் வேலை செய்வதில் சேரும் கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும். என் ரத்தத்தில் அது மலையாகக் குவிந்து கிடந்தது. காலில் வீக்கம், மாடி ஏறினால் மூச்சு வாங்கல் எல்லாவற்றையும் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் வருகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

"இனிமே டயாலிசிஸ். முடிஞ்சா சீக்கிரம் மாற்று சிறுநீரகம்" என்றார் சிறுநீரக டாக்டர் நசீமா. என்னைவிட வயதில் சின்னவர், வேகமாகப் பேசுவார், எதையும் மூடி மறைக்க மாட்டார். நான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் ராகவன் அழவில்லை. "பெருமாள் இருக்கார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது வலது காலுக்கு இடது செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்.

டயாலிசிஸ் என்பது நம் ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். அதற்காகக் கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டால் உள்ளே வண்டு ரீங்காரமிடுவது போல இருக்கும். அந்த ரீங்காரம் இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். சிறுநீர் வெளியேறாதவள் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலில் போய்த் தேங்கும். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் கூடாது. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நாக்கு வறண்டு நான்! ராகவன் என் எதிரில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். கொல்லைப்புறம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வருவார். காய்கறியில் இருக்கும் பொட்டாசியம் இதயத்துக்கு ஆகாது என்பதால் எல்லாக் காயையும் வேக வைத்து நீரைக் கொட்டிவிட்டுத் தளிகை பண்ணுவார். பேங்க்கில் ஆபீசர் உத்தியோகம், விடியற்காலையில் கோயிலில் பாசுரம் சொல்லும் பிரபந்த கோஷ்டி, நடுவில் இந்தச் சமையல். சகிக்காது. ஒரு நாள்கூட அவரிடம் சொன்னதில்லை.

டயாலிசிஸ் அறையில் எனக்குப் பக்கத்துப் படுக்கை முருகேசன். ஜீயபுரத்தில் வாழை விவசாயம், நாற்பதைத் தொடும் வயது. ராகவனை மாமா என்றும் என்னை மாமி என்றும் முதல் நாளே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "பாத்தீங்களா மாமி, ஊருக்கெல்லாம் தார் தாரா அனுப்பறேன், எனக்கு ஒரு பழம் கிடையாது" என்பார். வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம், எங்களுக்கு அது விஷம்.

எங்கள் படுக்கைகளுக்கு எதிரே கண்ணாடி போட்ட சின்ன அறை. வாரம் ஒருமுறை டாக்டர் நசீமா பயிற்சி டாக்டர்களை அங்கே உட்கார வைத்து, பெயர் ஊர் சொல்லாமல் ஒரு சிக்கலைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்பார். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. எனக்கோ பேச்சு என்றால் உயிர். வீட்டில் எனக்கு எதிர்க்கட்சி என்றே பெயர்.

அன்றைய சிக்கல் இது. அண்ணனுக்கு சிறுநீரகம் கொடுக்கத் தம்பி வந்திருக்கிறான். எல்லாப் பரிசோதனையும் பொருந்திவிட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "எனக்கு இஷ்டமில்லை, ஆனா வீட்டில் சொல்ல முடியாது" என்கிறான். குடும்பத்திடம் டாக்டர் என்ன சொல்வது?

"உண்மையைச் சொல்லணும்" என்றது ஒரு குரல். "சொன்னா அந்தப் பையனை வாழ விடுவாங்களா?" என்றது இன்னொன்று.

கையில் இரண்டு ஊசியோடு படுத்திருந்த நான் இங்கிருந்தே கத்தினேன்: "மருத்துவக் காரணத்தால பொருந்தலைன்னு சொல்லிடுங்கோ!"

டாக்டர் நசீமா வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் படுக்கையோரம் நின்று, "அது பொய் இல்லையா?" என்றார்.

"பொய்தான். ஆனா நல்லதுக்கு."

"யாருக்கு நல்லது? யாருக்கு நஷ்டம்? தீர்ப்பு எனக்கு வேணாம் மேடம். காரணம் சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்திலும் சங்கக் கூட்டத்திலும் இத்தனை வருஷமாகத் தீர்ப்புதான் சொல்லிக்கொண்டிருந்தேன்! காரணம் கேட்டால் குரலை உயர்த்துவேன், அவ்வளவுதான். அன்றைக்கு டயாலிசிஸ் முடியும்வரை முருகேசனும் நானும் அந்தத் தம்பியைப் பற்றியே பேசினோம். மனம் ஒப்பாத ஒருவனை மேஜையில் படுக்க வைத்து வெட்டுவது நல்ல வைத்தியமே இல்லை, ஆகவே அவன் பொருந்தாதவன் என்பது பொய்யே இல்லை என்று நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். முருகேசன் ஒப்பவில்லை. "பொய்யிதான் மாமி. அந்தப் பொய்யிக்குப் பொறுப்பு டாக்டர் ஏத்துக்கறாங்க. பையன் தலையில போடாம தன் தலையில போட்டுக்கறாங்க. அதான் சரி" என்றார். அடேயப்பா என்று இருந்தது. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னோம். எந்தக் கொடையாளரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்பதும், கடைசி நிமிஷம்வரை அவர் பின்வாங்கலாம் என்று சொல்வதும், பின்வாங்கினால் காரணத்தை வெளியே விடாததும் தங்கள் வழக்கம் என்றார்.

அதற்கப்புறம் டயாலிசிஸ் நாள் எனக்குத் திருவிழா. இதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஊசி குத்தும் வலி இருந்தது, தசைப்பிடிப்பு இருந்தது, பில்லைப் பார்க்கும்போது வரும் வயிற்றெரிச்சல் இருந்தது. ஆனால் இன்றைக்கு என்ன சிக்கல் வரப்போகிறது என்கிற பரபரப்பு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வரும். ஒரே ஒரு வென்டிலேட்டர், இரண்டு நோயாளிகள், யாருக்கு? நான் சின்ன வயசுக்காரருக்கு என்பேன். முருகேசன், "தண்ணி கம்மியான வருஷம் யார் வயலு பெருசுன்னா பாப்போம்? எது காயப்போவுதுன்னு பாப்போம்" என்பார். நான் அதில் ஓட்டை கண்டுபிடிப்பேன், அவர் அதை அடைப்பார். நர்ஸ் வந்து, "பேசினா பிரஷர் ஏறுது" என்று இருவரையும் அதட்டுவார்.

இதற்கு நடுவில் எங்கள் இருவருக்கும் சிறுநீரகம் தேடும் படலம். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். ராகவன் தருகிறேன் என்று வந்து நின்றார். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர்! ரத்தம் பார்த்தார்கள், அவர் பி, நான் ஏ. சேராது. முருகேசனுக்கு அவருடைய அக்கா தனலட்சுமி தர வந்தார். தம்பி பி, அக்கா ஏ. அதுவும் சேராது. இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் இழவு விழுந்தது போல இருந்தது.

ஒரு நாள் டாக்டர் நசீமா என் படுக்கைக்கும் முருகேசன் படுக்கைக்கும் நடுவில் வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், சிரித்தார். "இத்தனை மாசமா பக்கத்துப் பக்கத்துல படுத்து சண்டை போடறீங்க. எனக்கு இப்பத்தான் உறைக்குது. மாமாவோட சிறுநீரகம் முருகேசனுக்குச் சேரும். அக்காவோடது உங்களுக்குச் சேரும். மாத்திக்கலாமா?"

நான் போட்ட கூச்சலில் இயந்திரமே அலாரம் அடித்தது!

கொடையை இப்படி மாற்றிக்கொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு கமிட்டி முன்னால் நால்வரும் உட்கார்ந்தோம். பணம் கைமாறுகிறதா, யாராவது மிரட்டினார்களா என்றெல்லாம் தனித்தனியாகக் கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. நாலு பேருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அறுவை சிகிச்சை. வைகுண்ட ஏகாதசி முடிந்து நாள் வைக்கும்படி ராகவன் கேட்டுக்கொண்டார், கோஷ்டியை விட மனசில்லை. தையில் நாள் குறித்தார்கள்.

பொங்கல் கழிந்து முருகேசனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. நுரையீரலில் இல்லை, நிணநீர்க் கட்டியில்தான், மற்றவர்களுக்கு ஒட்டாது. மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனால் மாற்று சிறுநீரகம் வைத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் குறைக்க வேண்டும். அந்த நிலையில் காசநோய் உள்ளே இருந்தால் ஆளையே சாப்பிட்டுவிடும். பல மாதங்கள் பொறுத்துதான் அவருக்கு ஆபரேஷன்.

அதே மாதம் என் கை ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. ஒரு காலையில் தொட்டேன், ரீங்காரம் இல்லை. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி போய், குளிர் ஜுரத்தில் பல் கிட்டிக்கொண்டது. பிழைத்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடமே சொன்னார். எனக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தனலட்சுமி அக்கா அந்தப் பேச்சை எடுத்தார். டாக்டர் அறையில் நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு. நான் இப்பவே மாமிக்குக் குடுத்துடறேன். தம்பி தேறினதும் மாமா அவனுக்குக் குடுக்கட்டும்."

டாக்டர், "இரண்டும் ஒரே நேரத்துலதான் பண்றது வழக்கம்" என்று ஆரம்பித்தார்.

"அது என்னங்க வழக்கம்? நடவு நேரத்துல இன்னிக்கு அவங்க வயல்ல நாங்க எறங்குவோம், அடுத்த வாரம் எங்க வயல்ல அவங்க எறங்குவாங்க. ரெண்டு வயல்லயும் ஒரே நாள்ல நட்டாத்தான் நம்புவேன்னு யாராச்சும் சொல்வாங்களா? எங்க ஊர்ல அப்பிடிக் கேட்டா சிரிப்பாங்க."

ராகவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கைகூப்பினார். "நான் வாக்குக் கொடுக்கறேன். ரங்கநாதன் சாட்சி. கண்டிப்பா கொடுப்பேன்."

முருகேசன் தலையை ஆட்டினார்.

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கமிட்டிகிட்ட விசேஷமாக் கேட்டுப் பாக்கலாம். கிடைக்குமான்னு தெரியாது. அதுக்கு முன்னாடி நாலு பேரும் யோசிச்சுட்டு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த நாள் டயாலிசிஸ் படுக்கையில் எனக்குச் சாதகமாக ஒவ்வொரு காரணமாக அடுக்கினேன். முருகேசனுக்கு இப்போது எப்படியும் ஆபரேஷன் செய்ய முடியாது. நான் காத்திருந்தால் அவர் ஒரு நாள்கூட முன்னால் குணமாகப் போவதில்லை. காத்திருந்தால் நான் செத்தாலும் சாவேன். யாருக்கு நஷ்டம்? நாளைக்கு ராகவனுக்கே ஏதாவது நோய் வந்து கொடுக்க முடியாமல் போகலாம். அந்த அபாயம் உண்டு. ஆனால் அது தெரிந்தேதான் அக்கா சம்மதிக்கிறார். எல்லாரும் சம்மதித்த ஒன்றில் தப்பு எங்கே இருக்கிறது?

ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஸ்டோர்ஸில் சரக்கும் பதிவும் சரியாக இருந்து, அப்படியும் மனசுக்குள் ஏதோ இடிக்குமே, அந்த மாதிரி. திரும்ப முதலிலிருந்து வந்தேன். அக்கா கொடுத்துவிட்டார். அது என் உடம்புக்குள் இருக்கிறது. நாலு மாதம் கழித்து டாக்டர் நசீமா ராகவனைத் தனியாக உட்கார வைத்து, "இஷ்டமில்லைன்னா இப்பவும் சொல்லலாம்" என்கிறார். ராகவன் என்ன சொல்வார்? அவரால் என்ன சொல்ல முடியும்?

சட்டென்று விளங்கிவிட்டது! அந்தத் தம்பி! கண்ணாடி அறையில் முதல் நாள் கேட்ட அந்தத் தம்பி! அவன் வெளியேற ஒரு வழி இருந்தது, டாக்டர் அதைக் காவல் காத்தார். அக்கா முதலில் கொடுத்துவிட்டால் ராகவனுக்கு அந்த வழி அடைபட்டுப் போகும். அப்புறம் அவரைக் கேட்பதே ஒரு நாடகம். ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேஷன் என்பது முருகேசனைக் காப்பாற்ற மட்டும் வைத்த விதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கணவரையும் காப்பாற்றுகிறது!

"டாக்டரைக் கூப்பிடுங்கோ! கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். நர்ஸ் பயந்து ஓடி வந்தார். டாக்டர் நசீமா வந்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் மெதுவாக என் கையைப் பிடித்தார். "நான் பயந்துட்டு இருந்தது அதேதான். ஆனா மேடம், இது உங்களுக்கு எதிரான பதில்."

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை! கழுத்துக் குழாய் ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம் அழுகை வந்தது, நிறைய வந்தது. ஆனால் பதில் மாறவில்லை. அக்கா முதலில் கொடுக்க வேண்டாம், காத்திருக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன்.

வீட்டில் ராகவனுக்கு மகா கோபம். "பைத்தியமா நோக்கு? நான் கொடுக்கமாட்டேன்னு சொன்னேனா?"

"சொல்லலை. சொல்ல முடியணும்."

"எனக்கு அந்த உரிமையே வேண்டாம். எழுதிக் கொடுத்துடறேன், போறுமா?"

"இன்னிக்கு இருக்கற நீங்கோ, நாலு மாசம் கழிச்சு இருக்கப்போற உங்களுக்காக எப்படிக் கையெழுத்துப் போடுவேள்?"

அவர் விருட்டென்று அடுக்களைக்குப் போய்விட்டார். தளிகை மட்டும் பண்ணி வைத்தார். அதில் உப்பில்லாததற்குக் கோபம் காரணமில்லை, எனக்கு உப்பும் கூடாது.

தனலட்சுமி அக்காவுக்கு வருத்தம் வேறு மாதிரி. "எங்கள நம்பலையா மாமி?" என்று கேட்டார். நடவு உதாரணத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? "வயல்ல இறங்கறவா, வேண்டாம்னா கரையேறிடலாம் அக்கா. இதுல முடியாதே" என்றேன். அவர் சமாதானமாகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் முருகேசன் அடுத்த டயாலிசிஸில், அக்கா காதில் விழாமல், இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு அக்கா அத்தனை பேர் முன்னாடி சொன்னப்ப நான் எப்பிடி மாமி வேணாம்னு சொல்றது? தலையத்தான் ஆட்டுனேன். வீட்டுக்குப் போயி சோறு எறங்கல." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்குக் கையில் ஊசி, எனக்குக் கழுத்தில் குழாய்.

காத்திருந்தோம். மற்றக் கையில் புது ஃபிஸ்டுலா போட்டார்கள். அது ஊசி தாங்கும் அளவுக்குப் பழுக்கும்வரை கழுத்துக் குழாயைக் குழந்தையைக் காப்பது போலக் காத்தேன். அலுவலகத் தோழிகள் முறை வைத்துக்கொண்டு துணைக்கு வந்தார்கள். வாயிற்கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நடித்தே காட்டினாள் ஒருத்தி. புதுக் கையில் ரீங்காரம் கேட்டது. குழாயை எடுத்தார்கள். முருகேசனுக்குக் கழுத்துக் கட்டி சுருங்கியது, எடை ஏறியது.

சித்திரையில் ஒரு நாள் நான் தேதி கேட்டபோது டாக்டர் நசீமா, "மாமாவோட ஒரு டெஸ்ட் திரும்ப எடுக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுங்க" என்றார். ராகவனைக் கேட்டேன். "ஒண்ணுமில்லை, வழக்கமா பண்றதுதான்" என்றார். சில வாரம் போனது. அப்புறம், "டெஸ்ட் சரியா இருக்கு" என்று டாக்டரே சொன்னார். ஆடிப் பதினெட்டு முடிந்து நாள் குறித்தார்கள். காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். ஒரு வாய் குடிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நாலு பேரும் பச்சை உடையில் நாலு அறையில். டாக்டர் நசீமா ராகவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் அக்கா அறைக்குள். என் அறையிலிருந்து அந்த இரண்டு கதவும் தெரியும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் திறந்தன. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கண் விழித்தபோது வயிற்றில் வலி, தொண்டையில் எரிச்சல். படுக்கைக்குக் கீழே தொங்கும் பையைக் காட்டி நர்ஸ், "பாருங்க மேடம்" என்றார். மஞ்சளாக, நிறைய, நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. சிறுநீர்! முகம் சுளிக்காதீர்கள், அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. தனலட்சுமி அக்காவின் சிறுநீரகம் என் உடம்பில் முதல் நாளே ஓவர்டைம் பார்த்தது. முருகேசனுக்கும் அப்படியே என்று சொன்னார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப வாழப்பழம்?"

சில நாள் கழித்து, முகமூடி போட்டுக்கொண்டு, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, அன்னநடையில் ராகவன் என் அறைக்கு வந்தார். எனக்கு இப்போது தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று உத்தரவு. செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மடக் மடக்கென்று குடித்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "சித்திரையில திரும்ப எடுக்கற டெஸ்ட்னு எதுவும் இல்லை."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஸ்கேன் எடுக்கப் போனேன். அங்க வெளியே ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தரைத் தள்ளிண்டு போனா. யாரோ, என்னவோ. நேக்கு என்னமோ ஆயிடுத்து. நேரா டாக்டர்கிட்ட போய், ‘என்னால முடியாது, மன்னிச்சுடுங்கோ’ன்னுட்டேன். அவா ஒரு வார்த்தை திட்டலை. ‘சரி மாமா. வீட்டுல நான் பாத்துக்கறேன். உங்க பேர் வராது’ன்னா."

"அப்புறம்?"

"அன்னிக்கு நன்னாத் தூங்கினேன். வேண்டாம்னா விட்டுடுவான்னு தெரிஞ்சதும் பயம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுத்து. திரும்பப் போய், கொடுக்கறேன்னேன். உடனே ஒத்துக்கலை. இன்னும் ரெண்டு வாரம் யோசிச்சுட்டு வாங்கோன்னு அனுப்பிட்டா."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என்னிடம் சொல்லாமல் எத்தனை நாள்! அப்புறம் தை மாதம் நினைவுக்கு வந்தது. அன்று நான் தலையாட்டியிருந்தால், கமிட்டியும் இடம் கொடுத்திருந்தால், சித்திரையில் அக்காவின் சிறுநீரகம் எனக்குள் இருந்திருக்கும், இந்த மனிதர் அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருப்பார்? யாரிடம் சொல்லியிருக்க முடியும்? நடுங்கிக்கொண்டே போய் மேஜையில் படுத்திருப்பார், நானும் அதைத் தியாகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தையல் இழுத்தது, வலித்தது, சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆபரேஷன் அன்னிக்குக் கதவைச் சாத்திண்டு டாக்டர் கேட்டாளே, என்ன சொன்னேள்?"

ராகவன் செம்பிலிருந்து தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். என் எதிரிலேயே, அண்ணாந்து, முழுவதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"‘இப்பவும் வேண்டாம்னு சொல்லலாமா?’ன்னு கேட்டேன். ‘தாராளமாச் சொல்லலாம்’னா. அதைக் கேட்டுண்டுதான் சரின்னு சொன்னேன்."